பின்னூட்டம்: ஒரு பன்றிக் கழிச்சலின் வரலாறு

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. எங்கள் மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பாலூட்டும் தாய்மார்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த மாதம் 19ஆம் தேதி அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்றே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது.

“ஊசி போட்டா ரெண்டு நாளைக்குப் பாலைப் பீச்சிக் கீழ ஊத்திடணுமாமே?” என்றார் அம்மா. யாரோ வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள்.

மனைவி என்னைப் பார்த்தாள். “நீங்கதான் ராத்திரி பூரா எதையாவது படிச்சிட்டு இருக்கீங்களே, சொல்லுங்க. ஊத்தணுமா, வேணாமா?”

மருத்துவரிடம் கேட்டோம். ஊற்ற வேண்டியதில்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. கையில் போடும் ஊசி பாலில் என்னவாக வந்து சேரும்? சேர்ந்தால் அது குழந்தைக்கு உதவுமா? மகள் தூங்காத இரவுகளில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் கையால் கைபேசியில் படித்தேன். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பு இன்னொரு கட்டுரைக்கு அனுப்பியது, அது இன்னும் பழைய ஒன்றுக்கு. அப்படிப் போய்க்கொண்டே இருந்ததில் நான் கடைசியாக நின்ற இடம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வூஸ்டர் என்ற சிறிய ஊர். ஆண்டு 1972. அந்த ஆய்வில் இருந்தது மனிதத் தாய் அல்ல, தாய்ப் பன்றி.

இந்தக் கட்டுரை அந்தப் பன்றிகளைப் பற்றியது. அவற்றை வளர்த்த சிறு விவசாயிகள் கண்டுபிடித்த, சொல்லக் கூசும் ஒரு வைத்தியத்தைப் பற்றியது.

*

1940களில் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பன்றி வளர்ப்பு பெரும்பாலும் தனித்தொழில் அல்ல. மக்காச்சோளம் விதைக்கும் ஒரு குடும்பம். கூடவே நாலு மாடு, கொஞ்சம் கோழி, ஒரு கொட்டகையில் சில தாய்ப் பன்றிகள். மக்காச்சோளத்துக்கு விலை இல்லாத வருடத்தில் அதைப் பன்றிக்குப் போட்டுப் பன்றியை விற்பார்கள். நிலத்தின் மேல் இருக்கும் கடன் அதில்தான் அடையும். அதனாலேயே பன்றிக்கு அங்கே ‘அடமானத்தை மீட்பவன்’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர் உண்டு.

அப்படிப்பட்ட பண்ணைகளில் குளிர்காலத்தில் ஒரு கழிச்சல் வந்தது. பிறந்து இரண்டு மூன்று நாளான குட்டிகள் முதலில் வாந்தி எடுக்கும். பிறகு நீர் நீராகப் பேதி. அதில் செரிக்காத பால் தயிர்க்கட்டி போலக் கிடக்கும். குட்டிகள் பால் குடிப்பதை நிறுத்துவதில்லை. கடைசிவரை மடியைத் தேடி முட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் குடித்தது எதுவும் உடலில் ஒட்டாது. இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் உடல் வற்றிச் செத்துவிடும். இரண்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். தாய்ப் பன்றிக்கோ இரண்டு நாள் தீனி இறங்காது, கொஞ்சம் கழியும், பிறகு எழுந்து நடமாடும். கொட்டகையில் பெரியவை எல்லாம் பிழைத்துக்கொள்ள, அந்த ஈற்றுக் குட்டிகள் மட்டும் ஒன்றுவிடாமல் போய்விடும்.

இண்டியானாவில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தின் டாயில், ஹட்சிங்ஸ் என்ற இருவர் 1946இல் இதைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். செத்த குட்டிகளின் குடலை அரைத்து, பாக்டீரியாவைத் தடுத்துவிடும் வடிகட்டியில் வடித்து, அந்த நீரை நல்ல குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றுக்கும் கழிச்சல் கண்டது. எனவே இது வைரஸ். நோய்க்கு ‘தொற்றும் இரைப்பைக் குடல் அழற்சி’ என்ற பொருளில் ஒரு நீண்ட பெயர் வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டிஜிஇ என்று அது சுருங்கியது. மனிதருக்குத் தொற்றாத வைரஸ். ஆனால் 2020க்குப் பிறகு உலகத்துக்கே பழகிப்போன ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது: கொரோனா வைரஸ். அன்று டாயிலுக்கோ ஹட்சிங்ஸுக்கோ இது தெரிந்திருக்க வழியில்லை. கொரோனா என்ற பெயரையே 1968இல்தான் வைத்தார்கள்.

*

பெரிய பன்றி இரண்டே நாளில் தேறிவிடும் நோயில் குட்டி மட்டும் ஏன் சாகிறது?

காரணம் குடலின் அமைப்பில் இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போல நுண்ணிய நீட்சிகள் நிறைந்திருக்கும். அவற்றைப் போர்த்தியிருக்கும் செல்கள்தாம் உணவையும் நீரையும் உறிஞ்சுகின்றன. டிஜிஇ வைரஸ் குறிவைப்பது இந்தச் செல்களை. அவை கூட்டமாக உதிர, விரல்கள் தேய்ந்து மொட்டையாகின்றன. மூன்று வாரக் குட்டி என்றால் இரண்டு மூன்று நாளில் அடியிலிருந்து புதுச் செல்கள் முளைத்து மேலே வந்து இடத்தை நிரப்பிவிடும். பிறந்த குட்டிக்கு இதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அந்த ஒரு வாரம் அதனிடம் இல்லை.

அடுத்தது பன்றியின் நஞ்சுக்கொடி. மனிதக் குழந்தைக்குத் தாயின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியே கருவிலேயே வந்து சேர்ந்துவிடும். பன்றியில் தாய்க்கும் குட்டிக்கும் நடுவே திசு அடுக்குகள் அதிகம், ஆன்டிபாடி எதுவும் தாண்டாது. ஆகவே பன்றிக்குட்டி ஒரு பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது. அதற்கு எல்லாமே பாலில்தான் வந்தாக வேண்டும். முதல் நாள் சீம்பாலில் இருக்கும் ஆன்டிபாடிகளைக் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும். சுமார் ஒன்றரை நாளில் அந்தக் கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு குடிக்கிற பால் குடலுக்குள்ளேயே நின்றுதான் காக்க முடியும்.

இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்துக்குள் போகும் காவல் ஒன்று, குடலுக்குள்ளேயே நிற்கும் காவல் இன்னொன்று. கதை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

*

விவசாயிகளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது எண்ணிக்கை. போன ஈற்றில் எல்லாக் குட்டியையும் பறிகொடுத்த அதே தாய், அடுத்த ஈற்றில் குட்டிகளைக் காப்பாற்றிவிடுகிறது. கொட்டகையில் கழிச்சல் இருந்தாலும் அவளிடம் பால் குடிக்கும் குட்டிகள் பிழைக்கின்றன. பக்கத்து அடைப்பில், அந்த நோயைக் காணாத தலையீத்துப் பன்றியின் குட்டிகள் சாகின்றன.

அப்படியானால், ஈனுவதற்கு முன்பே தாய்க்கு நோயைக் கொடுத்துவிட்டால்?

அதைத்தான் செய்தார்கள். கழிச்சல் கண்ட முதல் நாளிலேயே இறந்த குட்டிகளின் குடலை எடுத்து அரைத்து, நீரிலோ பாலிலோ கலந்து, ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரமாவது மிச்சமிருக்கும் சினைப் பன்றிகளின் தீனியில் ஊற்றிவிடுவார்கள். தாய்களுக்கு இரண்டு நாள் கழியும். அதற்குப் பிறகு பிறக்கும் குட்டிகளில் பெரும்பகுதி பிழைக்கும். ஈனுவதற்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் இது பலிக்காது. அந்தக் குட்டிகள் கணக்கில் இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதான்.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் பண்ணைக்காரர்கள் வைத்த பெயர் ‘ஃபீட்பேக்’. மென்பொருள் வேலையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் சொல்லும் வார்த்தை. தமிழில் பின்னூட்டம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஓர் ‘ஊட்டம்’ இருக்கிறது என்பதை அன்றிரவுதான் கவனித்தேன். செத்த பிள்ளையின் குடலைத் தாய்க்கே ஊட்டுவது. படித்தபோது குமட்டியது. பக்கத்தில் பால் குடித்துவிட்டுத் தூங்கும் மகளை வைத்துக்கொண்டு படிக்கக்கூடிய விஷயமில்லை அது. ஆனால் பத்துப் பன்றிதான் சொத்து, இந்த ஈற்றுப் போனால் கடன் தவணை போகும் என்கிற நிலையில் இருப்பவருக்குக் குமட்டுவதற்கு நேரம் இல்லை.

இந்த வைத்தியத்தில் ஆபத்தும் உண்டு. குடலோடு வேறு என்னென்ன கிருமி போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நோயைத் தடுக்கப் போய் இன்னொன்றைக் கொட்டகை முழுக்கப் பரப்பிவிடலாம். இருந்தும் அதை விடாமல் செய்தார்கள், ஏனென்றால் மருந்துக் கம்பெனியின் ஊசி அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. வலுக்குறைத்த வைரஸைச் சினைப் பன்றியின் தசையில் போட்டால், அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி நன்றாகவே ஏறியது. சீம்பாலிலும் ஏறியது. குட்டிகள் மட்டும் செத்தன.

*

இந்தப் புதிரை அவிழ்த்தவர்கள் வூஸ்டரில் இருந்த ஓஹையோ வேளாண் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள். மூத்தவர் எட்வர்ட் போல். அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தவர், இருபதுகளில் இருந்த லிண்டா சைஃப். குட்டியைக் காப்பது ரத்தத்தில் ஏறிய ஆன்டிபாடி அல்ல, விடாமல் குடலை நனைத்துக்கொண்டே இருக்கும் பால்தான் என்ற கருத்து பர்டூவில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. பாலில் இருப்பது எது, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

1972இல் போல், சைஃப் குழுவின் கட்டுரைகள் வந்தன. இயற்கையாக நோய் கண்ட தாய்களின் பாலையும் ஊசி போட்ட தாய்களின் பாலையும் அவர்கள் வகை பிரித்துப் பார்த்திருந்தார்கள். ஊசி போட்ட தாயின் பாலில் இருந்தது ஐஜிஜி என்ற வகை. இது ரத்தத்தின் ஆன்டிபாடி. சீம்பாலில் மிகுதியாக இருந்து சில நாள்களில் மளமளவென்று இறங்கிவிடும். குட்டி அதை உறிஞ்சி ரத்தத்தில் வைத்துக்கொள்ளும். குடலின் உட்புறத்தில் நடக்கிற சண்டைக்கு அது வந்து சேராது. நோய் கண்டு தேறிய தாயின் பாலில் இருந்ததோ ஐஜிஏ என்ற வகை. செரிமான நொதிகள் அதை எளிதில் சிதைப்பதில்லை. பால் சுரக்கும் வரை அதுவும் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு முறை குட்டி குடிக்கும்போதும் குடலின் உட்சுவருக்கு ஒரு பூச்சுப் பூசியதுபோல ஆகிறது.

குடலில் வந்த நோய்க்கான காவல் மடியில் எப்படி வந்தது? தாயின் குடல் ஒரு கிருமியைச் சந்திக்கும்போது, அதை அடையாளம் கண்டுகொண்ட நோயெதிர்ப்புச் செல்கள் குடலிலேயே தங்கிவிடுவதில்லை. சில ரத்தத்தில் ஏறிப் பயணம் செய்கின்றன. பால் சுரக்கத் தயாராகும் மடியில் அவை போய் இறங்கி, அங்கிருந்தே ஐஜிஏவைச் சுரக்கின்றன. குடலுக்கும் மடிக்கும் நடுவே இப்படி ஒரு தடம் இருக்கிறது. குடல்–மடி அச்சு என்று இதைச் சொல்கிறார்கள். தசையில் போட்ட ஊசி இந்தத் தடத்தில் காலே வைக்கவில்லை. விவசாயி ஊற்றிய கூழ் நேராக அதன் வாசலில் போய் விழுந்தது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இதன் பொருத்தம் புரியும். குட்டி பிறக்கப்போவது தாய் நிற்கும் அதே கொட்டகையில். குட்டியின் வாய்க்குள் போகப்போகும் கிருமிகள் அந்தத் தரையில், அந்தச் சாணத்தில், அந்தத் தொட்டியில் இருப்பவை. அவை அத்தனையும் தாயின் குடல் வழியே ஏற்கெனவே போய் வந்தவை. தாயின் பால் இந்த இடத்தைப் பற்றிய குறிப்பாகிறது. வேறு ஊரின் பாலால் இந்த வேலையை இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடியாது.

மனிதரிலும் இப்படித்தானா? 1975இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை வந்தது. கர்ப்பிணிப் பெண்களுக்குத் தீங்கில்லாத ஈ.கோலை பாக்டீரியா ஒன்றை வாய்வழியே கொடுத்து, பிரசவத்துக்குப் பிறகு சீம்பாலைப் பார்த்தார்கள். அந்தப் பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடியைச் செய்யும் செல்கள் சீம்பாலில் இருந்தன. பெண்கள் விழுங்கியது பாலில் பதிவாகியிருந்தது. பன்றியில் கண்டது மனிதரிலும் இருந்தது.

*

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நல்ல தடுப்பூசி வந்து டிஜிஇ ஒழிந்ததா? அதுதான் இல்லை. டிஜிஇயைப் பெரும்பகுதி ஒழித்தது இன்னொரு வைரஸ்.

1984இல் பெல்ஜியத்தில் ஒரு விசித்திரம். கழிச்சலே இல்லாத, ஊசியே போடாத பண்ணைகளில் பன்றிகளின் ரத்தத்தில் டிஜிஇக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. கெண்ட் பல்கலைக்கழகத்தின் மொரிஸ் பென்சார்ட் தேடிப் பிடித்தார். டிஜிஇ வைரஸின் முள்புரத மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டு போனதும் குடலில் குடியேறும் திறமையை ஏறக்குறைய இழந்து, வைரஸ் நுரையீரலுக்கு மாறிவிட்டது. பன்றிகளுக்கு லேசான இருமல், பலவற்றுக்கு அதுவும் இல்லை. காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பரவி ஐரோப்பா முழுவதும் சில ஆண்டுகளில் போய்விட்டது. போன இடமெல்லாம் டிஜிஇக்கு ஓரளவு எதிர்ப்பைக் கொடுத்துவிட்டுப் போனது. மீண்டும் மீண்டும் அதைச் சந்தித்த தாய்களின் பாலிலும் ஐஜிஏ வந்தது. ஆய்வுக்கூடங்கள் முப்பது வருடமாக முயன்ற வலுக்குறைத்த வைரஸ் தானாகவே உருவாகி, காசு வாங்காமல் பண்ணை பண்ணையாகப் போய் வந்தது. நிரல் எழுதுபவனுக்கு இது பொறாமை தரும் விஷயம். தற்செயலாக நாலு வரி அழிந்ததில் பிழை சரியான கதை எங்களிடமும் உண்டு, ஆனால் இந்த அளவில் இல்லை.

பென்சார்டுக்கு இதற்கு முன்பே இன்னொரு பன்றிக் கொரோனாவோடு பழக்கம் இருந்தது. 1971இல் இங்கிலாந்தில் டிஜிஇ போலவே தோன்றிய, ஆனால் டிஜிஇ அல்லாத ஒரு கழிச்சல் வந்தது. 1978இல் அதுவும் கொரோனா வைரஸ்தான் என்று பெல்ஜியத்தில் காட்டியவர்களில் அவர் ஒருவர். இதன் சுருக்கப் பெயர் பிஇடி. ஐரோப்பாவில் இது பெரும் நாசம் எதுவும் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. ஆசியாவில் தங்கிவிட்டது. 2010இன் கடைசியில் தென்சீனாவில் கடுமையான புது வடிவில் வெடித்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிகளைக் கொன்றது. டிஜிஇக்கும் பிஇடிக்கும் நோய்க்குறி ஒன்றேதான். ஆனால் ஒன்றுக்கான பால் இன்னொன்றைக் காக்காது.

*

அமெரிக்காவுக்கு பிஇடி வந்தது 2013 வசந்தத்தில். பின்னோக்கிச் சோதித்ததில் தெரிந்த ஆகப் பழைய தொற்று ஏப்ரல் நடுவில், போலும் சைஃபும் வேலை செய்த அதே ஓஹையோவில். சீனாவில் சுற்றிக்கொண்டிருந்த வகைக்கு மிக நெருங்கியது. ஒரே வருடத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள். இறந்த குட்டிகள் சுமார் 70 லட்சம் என்று பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த நாட்டுத் தாய்ப் பன்றி ஒன்றின் பாலில்கூட இந்த வைரஸைப் பற்றிய குறிப்பு இல்லை.

இதற்குள் பண்ணைகள் மாறியிருந்தன. 1980இல் அமெரிக்காவில் பன்றி வளர்த்த பண்ணைகள் 6 லட்சத்துக்கும் மேல். 2012 கணக்கெடுப்பில் 63,000 சொச்சம். பன்றிகள் குறையவில்லை, கொட்டகைகள் பெருத்தன. இதற்கும் வைரஸுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்துத் தாய்ப் பன்றி உள்ள சின்னப் பண்ணை. வருடத்தில் இரண்டு பருவத்தில் எல்லாம் சேர்ந்தாற்போல் ஈனுகின்றன. கழிச்சல் நுழைந்தால் அந்த ஈற்று மொத்தமும் காலி. குடும்பத்துக்கு அது பேரிடி. அரை வருட வருமானம் போச்சு. ஆனால் மூன்று நாலு வாரத்தில் எல்லாப் பன்றிக்கும் நோய் வந்து போயிருக்கும். புதிதாகத் தொற்ற உடல் இல்லாமல் வைரஸ் அங்கேயே அணைந்துவிடும். அடுத்த ஈற்றுக்குப் பாலில் காவல் இருக்கும். சில வருடம் கழித்து, நோயைப் பார்க்காத இளம் பன்றிகள் சேர்ந்த பிறகு, மறுபடியும் வெளியிலிருந்து வந்தால் உண்டு.

2,500 தாய்ப் பன்றி உள்ள பெரிய பண்ணையில் வாரத்துக்கு நூறுக்கு மேல் ஈனும். ஒவ்வொரு வாரமும் ஆயிரம் புதுக் குட்டிகள். கழிக்கும் தாய்களுக்குப் பதிலாகத் தலையீத்துப் பன்றிகள் வந்துகொண்டே இருக்கும். வைரஸுக்கு எப்போதும் ஒரு புது உடல் காத்திருக்கிறது. அணைய வேண்டிய நெருப்புக்கு வாரா வாரம் விறகு. எனவே அங்கே நோய் ‘வந்து போவது’ இல்லை, குடியேறிவிடுகிறது.

பெரிய பண்ணைகள் பூட்டிய வாசல்கள் உள்ளவை. உள்ளே போக வேண்டுமென்றால் குளித்து, உடை மாற்றி, வேறு செருப்புப் போட வேண்டும். பிறகு எப்படி நுழைந்தது? 2013 ஜூனில் இறைச்சிக்கூடங்களுக்கு வந்த 669 பன்றி வண்டிகளைத் துடைத்துப் பார்த்தார்கள். வரும்போதே வைரஸ் இருந்தவை 6.6 சதவீதம். சுத்தமாக வந்தவற்றில் 5.2 சதவீதம் இறக்கிவிட்டுப் போகும்போது வைரஸோடு போயின. அடுத்த வருடம் இன்னொரு குழு தீவனத்தைச் சந்தேகித்தது. நோய் வந்த பண்ணைகளின் தீவனத் தொட்டிகளின் உட்சுவரைச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் உருளையால் உருட்டித் தூசியை எடுத்தார்கள். அந்தத் தூசியைத் தின்ற பன்றிகளுக்கு நோய் வந்தது. கண்டம் தாண்டி வந்ததற்குப் பெரிய தீவனச் சாக்குகள் ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்று பின்னர் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வு சொன்னது. ஆள் குளித்துவிட்டு உள்ளே போனார். சாக்கு குளிக்கவில்லை.

அப்போது கையில் இருந்த வைத்தியம் என்ன? புது ஊசி தயாராக மாதங்கள் ஆகும். ஆகவே அதே பழைய கூழ். குளிரூட்டிய கொட்டகையும் கணினித் தீவன அளவியும் வைத்திருந்த பண்ணைகள், செத்த குட்டிகளின் குடலை அரைத்துச் சினைப் பன்றிகளுக்கு ஊட்டின. மூன்றிலிருந்து ஐந்து வாரம் பிறந்த குட்டிகளையெல்லாம் இழந்துவிட்டு, பாலில் காவல் வந்த பிறகு மறுபடியும் தொடங்கின. விஷயம் வெளியே வந்து நகரத்து மக்கள் அதிர்ச்சியடைந்தார்கள். அதிர்ச்சி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கூழில் இருந்த அறிவு ஆலைப் பண்ணையில் பிறந்ததல்ல. நாலு பன்றி வைத்திருந்தவரின் அறிவு அது. அது பலித்ததற்குக் காரணம் அவருடைய உலகம் ஒரு கொட்டகை அளவே இருந்தது என்பதுதான். தாயும் குட்டியும் கிருமியும் ஒரே தரையில் வாழ்ந்தன. தீவனம் ஓரிடம், தாய் ஓரிடம், குட்டியை வளர்ப்பது ஆயிரம் மைல் தள்ளி இன்னோரிடம் என்று ஆன பிறகு, பாலில் இருக்கும் குறிப்புக்கும் குட்டி போய்ச் சேரும் இடத்துக்கும் சம்பந்தம் குறைந்துபோகிறது.

சின்னப் பண்ணைதான் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய பண்ணை நாலு வார நஷ்டத்தைத் தாங்கி எழுந்துகொள்ளும். சின்னப் பண்ணையில் அந்த ஈற்றோடு தொழிலே முடிந்துவிடலாம். லட்சக்கணக்கில் காணாமல் போன பண்ணைகள் எல்லாம் கழிச்சலால் போகவில்லை. ஆனால் போனவற்றோடு, ஒவ்வொரு தாயையும் தனித்தனியாகத் தெரிந்து அவளுடைய குட்டிகளை எண்ணிவைத்திருந்த கண்களும் போயின.

*

எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். 2021இல் வந்த ஆய்வுகளில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டது. கொரோனா வந்து தேறிய தாய்மார்களின் பாலில் ஐஜிஏ மேலோங்கியிருந்தது. எம்ஆர்என்ஏ ஊசி போட்டுக்கொண்டவர்களின் பாலில் ஐஜிஜி மேலோங்கியிருந்தது, ஐஜிஏ கொஞ்சம். ஐம்பது வருடத்துக்கு முன் வூஸ்டரில் பார்த்த அதே பாகுபாடு. ஆனால் மனிதக் குழந்தை பன்றிக்குட்டி அல்ல. அது வெறுங்கையோடு பிறப்பதில்லை, இந்த வைரஸ் அதைக் குறிவைத்துக் கொல்லும் குடல் வைரஸும் அல்ல. அதனால் விவசாயியின் வழி நமக்கு வழியல்ல. தாயைக் காக்க ஊசிதான் போட வேண்டும். பாலில் வருவது எவ்வளவு என்றாலும் அது கூடுதல் வரவு.

ஜூன் முதல் வாரத்தில் மனைவி ஊசி போட்டுக்கொண்டாள். பாலை ஊற்றவில்லை. அன்றிரவு நான் அம்மாவிடம் பன்றிக் கதையை, கூழை மட்டும் விட்டுவிட்டு, சொல்லிப் பார்த்தேன். சீம்பால் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

“நீ பொறந்தப்ப உங்க அப்பத்தா சீம்பாலைப் பீச்சி ஊத்தச் சொல்லிட்டாங்க. அது கெட்ட பாலாம். சேனை வெச்சு, சர்க்கரைத் தண்ணிதான் குடுத்தோம். மூணாம் நாள்தான் உனக்குப் பால்.”

“மாட்டுக்கு?” என்று கேட்டேன். அப்போது வீட்டில் இரண்டு மாடு இருந்ததாகச் சொல்வார்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “மாட்டுக்கு அப்படி இல்ல. கன்னு வயிறு முட்டக் குடிச்ச பெறகுதான் கறப்போம். இல்லன்னா கன்னு நிக்காதுன்னு அவங்கதான் சொல்வாங்க. அதுல அவங்க ரொம்பக் கண்டிப்பு.”